கிந்தன் ஏறிய ரயில்

என்.எஸ். கிருஷ்ணனை ‘சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது நம்மவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. 1908இல் ஒழுகினசேரியில் பிறந்து, பாய்ஸ் கம்பெனி நாடகம் வழியாக 1930களில் சினிமாவுக்கு வந்தவர். டி.ஏ. மதுரத்தோடும் தன் குழுவோடும் நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே உருவாக்கிப் பிறர் படங்களுக்குள் வைத்தவர். ‘மணமகள்’ (1951) இயக்குவதற்கு வெகுமுன்பே அவர் படமெடுப்பவர்தான். நடுவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை, 1944இலிருந்து 1947 வரை.

வெளியே வந்தபின் ‘நல்லதம்பி’யில் (1949) அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தைத்தான் நாம் மறுவாசிப்புச் செய்ய வேண்டும். எழுத்து உடுமலை நாராயணகவி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனை அதே வடிவத்தில் வைத்தே கவிழ்த்துப்போடுகிற பிரதி இது. நந்தன் தீயில் இறங்கினால்தான் தில்லைக்குள் இடம். சேரிப் பையன் கிந்தனோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். சனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆனால் தீயின் இடத்தில் பரீட்சை வந்து உட்கார்ந்துகொள்ளவில்லையா? தகுதியை நிரூபிக்கிற பாரம் இங்கேயும் கிந்தன் தலையில்தான். ஊர் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. திராவிட இயக்கம் கல்விமேல் வைத்த நம்பிக்கையின் எல்லை இது. இப்படிக் கேட்பதால் கிருஷ்ணன் குறைந்துபோவதில்லை. காலட்சேப மேடையில் ஒரு சேரிப் பையனை நாயகனாக ஏற்றி டூரிங் கொட்டகைவரை கொண்டுபோக அன்றைக்கு வேறு எந்த நட்சத்திரம் துணிந்தது?