குடத்துல விட்ட கை, மணல்ல வெச்ச கை

எங்க ஊரு உத்திரமேரூர்னு சொன்னா அடுத்த பேச்சு குடவோலை பத்தித்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கற பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) தேர்தல் விதிகளை வரிசையா சொல்லுது. வாரிய உறுப்பினர் ஆகணும்னா 35 வயசுக்கு மேல, 70க்குள்ள இருக்கணும். ஆனா குடத்துல கைவிட்டு ஓலை எடுக்கறது விவரம் அறியாத ஒரு சின்னப் பையன்! ஊர்ச் சபையே அவன் கையை நம்பியிருக்கு.

அதே கை விளையாடும்போது என்ன சொல்லுதுன்னு பெரியவங்க உட்கார்ந்து கவனிக்க ஆரம்பிச்சது ரொம்பப் பின்னாடி, 20ஆம் நூற்றாண்டுல. அதுக்குப் பேரு விளையாட்டுச் சிகிச்சை.

மனசுல இருக்கறதைப் பெரியவங்க பேசித் தீர்த்துக்கலாம். அஞ்சு வயசுக் குழந்தைக்கு அதுக்கான வார்த்தையே கிடையாது. 1920கள்ல பெர்லின்ல மெலனி க்ளைன், குழந்தைங்க முன்னாடி குட்டிக் குட்டி பொம்மைகளை வெச்சு, அவங்க விளையாடறதையே பேச்சா எடுத்துக்கிட்டாங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் போலந்துல வேலை பார்த்த டாக்டர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1928ல லண்டன்ல ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினாங்க. அங்க ஒரு பெட்டி நிறைய பொம்மை, பக்கத்துல மணல் தட்டு. பொம்மைகளை மணல்ல அடுக்கி தனி உலகமே கட்டினது குழந்தைங்கதான். டாக்டர் அதைப் பார்த்து முறையாக்கினார். அவங்ககிட்ட படிச்ச சுவிட்சர்லாந்துக்காரர் டோரா கால்ஃப் வளர்த்தெடுத்த மணல் விளையாட்டு முறையை இன்னிக்குப் பெரியவங்களுக்கும் பயன்படுத்தறாங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் நமக்கும் உண்டே! 1947ல அமெரிக்காவுல வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எழுதின புத்தகத்தோட சாரம் இதுதான்: குழந்தை முன்னாடி போகட்டும், நீங்க பின்னாடி போங்க, அவசரப்படுத்தாதீங்க.

இதுல என்ன பலன்? விபத்தைப் பார்த்த குழந்தை பொம்மை லாரியைத் திரும்பத் திரும்ப மோத விடும். நிஜத்துல அதுக்கு எதுவுமே கையில இல்லை. விளையாட்டுல எப்ப நிறுத்தணும், யாரைக் காப்பாத்தணும்னு அதுதான் முடிவு பண்ணுது. பயம் கொஞ்சம் கொஞ்சமா கைக்குள்ள அடங்குது.

இதுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு முயற்சி நம்ம தமிழ்ப் பிள்ளைங்க நடுவுலயும் நடந்திருக்கு. அது மட்டக்களப்புல. 1990ல கிழக்கிலங்கையில தமிழர் முஸ்லிம் உறவு ரத்தத்துல முறிஞ்சது. 1996ல, போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, இயேசு சபை குரு போல் சற்குணநாயகமும் கனடா ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து அங்க வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினாங்க. ரெண்டு சமூகத்துக் கிராமங்கள்ல இருந்தும் பிள்ளைங்களை பஸ்ல கூட்டிட்டு வந்து, வாரம் ஒரு நாள்னு பல மாசம் மண்ணு, சாயம், கதை, நாடகம்னு விளையாட விட்டாங்க. யாரும் அவங்களை உட்கார வெச்சு "என்ன நடந்தது, சொல்லு"ன்னு கேட்கலை. எதிரின்னு கேள்விப்பட்ட பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து களிமண் பிசையறப்போ, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் இருக்கு?

கூட இருந்து விளையாடின அண்ணன், அக்காக்களும் அதே போர்ல அடிபட்டவங்கதான். அவங்களுக்கும் அந்த மண்ணு தேவைப்பட்டிருக்கும்.

பெரிய காயத்துக்குப் பயிற்சி பெற்றவங்க வேணும், சந்தேகமே இல்லை. ஆனா வீட்டுல தினம் அரை மணி நேரம், அறிவுரை சொல்லாம, செல்போனைத் தள்ளி வெச்சுட்டு, பிள்ளை சொல்ற விளையாட்டை விளையாட பட்டம் எதுவும் தேவையில்லை. "விளையாடினது போதும், போய் படி"ங்கறதுக்கு முன்னாடி, அது என்ன விளையாடுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க.