மணலடியில் கிடந்த வராகம்: மாமல்லபுரக் கடலோரச் சிற்பங்களும் மனிதத் தலையீடும்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரச் சிற்பங்கள் பல்லவர் கலை, சமயம், அரசியல் ஆகியவற்றின் சான்றுகளாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. நிலம், கடல், மனிதர் ஆகியோரிடையே நிலவும் உறவின் ஆவணங்களாகவும் அவற்றைக் கொள்ள இயலும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இரு வராகங்கள்

கடற்கரைக் கோயில் வளாகத்தில் 1990ஆம் ஆண்டு மணலை அகற்றியபோது, தாய்ப்பாறையில் செதுக்கப்பட்ட வராக உருவம் வெளிப்பட்டது. அதன் பீடத்தில் இராசசிம்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குன்றிலுள்ள வராக மண்டபத்தில் பன்றிமுகத் திருமால் பூமகளை ஏந்தி நிற்கிறார். இங்கோ முழு விலங்குருவில் வராகம் மட்டுமே உள்ளது, பூமகள் இல்லை. முன்னது மீட்பு நிறைவுற்ற நிலையையும், பின்னது நிலத்தைத் தேடிக் கடலுள் மூழ்கும் நிலையையும் குறிப்பதாகக் கொள்ளலாம். பூமியை மீட்கும் உருவமே மணலுள் புதையுண்டு கிடந்தமை, இக்கரையின் நிலையாமைக்குச் சான்றாகும்.

காலமும் இடமும்

அருச்சுனன் தபசு ஏழாம் நூற்றாண்டினது என்பது பெருவழக்கான கருத்து. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. எனினும் மூத்த சிற்பத்தின் உருவங்கள் தெளிவாக விளங்க, பிந்தைய கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் பல தேய்ந்து மழுங்கியுள்ளன. எனவே சிதைவிற்குக் காலத்தைவிட இடமே முதன்மைக் காரணமாகும். கல்லின் நுண்துளைகளில் புகும் உப்பு, படிகமாகும்போது மேற்பரப்பைப் பெயர்க்கிறது. காற்றில் வரும் மணல் அதனைத் தேய்க்கிறது. இதனாலேயே காகிதக் கூழ் பூசி உப்பை உறிஞ்சியெடுத்தல், மரங்கள் வளர்த்தல், பாறைகளால் அலைதடுப்பு அமைத்தல் ஆகியவை மேற்கொள்ளப்பட்டன.

பாதுகாப்பின் மறுபக்கம்

இவற்றுள் அலைதடுப்பு தனித்து நோக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் நிகர மணல்நகர்வு வடக்கு நோக்கியது. சென்னைத் துறைமுகம் அதனைத் தடுத்ததால் தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. மாமல்லபுரத்திலும் கோயிலை அடுத்து வடக்கே மீனவர் குடியிருப்பு உள்ளது. ஆகவே அங்கு எழுப்பப்படும் எந்தத் தடுப்பையும் கோயிலின் நலனை மட்டும் கொண்டு மதிப்பிடல் முறையாகாது.

முடிவுரை

ஒரு கரையில் மனிதர் செய்வது மறுகரையைச் சேர்தல் இன்று கண்டங்களையும் கடந்துள்ளது. 2023 சூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய உலோக உருளை, இதே கிழக்குக் கரையின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் பாகமாக இருக்கக்கூடும் என அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. எனவே, மாமல்லபுரச் சின்னங்களின் பாதுகாப்பு வரலாற்றை, அடுத்துள்ள குப்பத்தின் கரையிழப்பு வரலாற்றோடு இணைத்து எழுதுவதே இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும்.