தந்தையின் இறப்பும் தள்ளி நின்ற மகனும்

1963 ஜூன் 3, தூய ஆவிப் பெருவிழாவுக்கு மறுநாள் மாலை. புற்றுநோயால் துன்புற்ற திருத்தந்தை 23ஆம் அருளப்பருக்காகப் புனித பேதுரு சதுக்கத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அது நிறைவுற்ற வேளையில் அவர் உயிர்நீத்தார். மன்றாடி நின்ற மக்கள் அழுதனர்.

திருச்சபையை விட்டு விலகியிருந்தோரும் அந்த இறப்பை மறக்கவில்லை. இத்தாலியத் திரைப்பட இயக்குநர் பசோலினி அவர்களுள் ஒருவர்; கத்தோலிக்கராகப் பிறந்து, நம்பிக்கையைத் துறந்த மார்க்சியர். 1962 அக்டோபர் 4 அன்று திருத்தந்தை அசிசிக்கு வந்தபோது, அந்நகரில் தங்கியிருந்த அவர், அறையில் கிடைத்த நற்செய்தி நூலை எடுத்து வாசித்தார். 1963 மார்ச்சில், சமயத்தை இழிவுபடுத்தியதாக உரோமை நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அதே மனிதர் 1964இல் மத்தேயு நற்செய்தியைத் திரைப்படமாக்கி, மறைந்த அருளப்பரின் அன்பு நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஆயினும் அவர் நம்பிக்கைக்குத் திரும்பியதாக நாம் உரிமை கொண்டாட இயலாது. விலகிச் சென்ற மகனும் தந்தையை அடையாளம் கண்டுகொண்டான், அவ்வளவே.

சாவு வீட்டில் பகை பார்ப்பதில்லை என்பது நம் ஊர் வழக்கம். ஆலயத்திற்கு வராதோரும் அங்கே நம்மருகே நிற்கின்றனர். “ஏன் கோவிலுக்கு வருவதில்லை?” என்று அவர்களைக் கேட்குமுன், அவர்கள் நேசிக்கத்தக்க முகம் எதையேனும் நாம் காட்டினோமா என்று நம்மையே கேட்போம்.