வெளுத்த எண்ணெய்

தோட்ட வரலாறு என்றால் கப்பலையும் கங்காணியையும் எழுதுகிறோம், மிஷினை எழுதுவதில்லை.

கலப்பையை வெறுமனே கட்டி இழுக்காமல், மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கலாம் என்று 1920களில் யோசித்தவர் ஹாரி பெர்குசன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான அவருடைய டிஇ20 டிராக்டரில் கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பிறகு வந்த ஜப்பானியச் சிறு டிராக்டர்கள் பலவும் அப்படியே.

இந்தச் சிக்கனத்துக்கு ஜொகூரின் ஈரம் எதிரி. பகலில் சூடேறி இரவில் குளிரும் வண்டிக்குள் காற்றின் ஈரம் நீராகப் படியும். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழையும் இறங்கும். எண்ணெய் பால்போல் வெளுக்கும்; பம்ப், கியர், பேரிங் எல்லாம் தேயும்.

குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய என் மாமா சொல்வார்: "மரத்துல பால் வந்தா சோறு. வண்டியில பால் வந்தா சோறு போச்சு." தினமும் காலையில் டிப்ஸ்டிக்கை உருவி நிறம் பார்ப்பார். வெளுத்திருந்தால் முழுசா வடிச்சு, ஃபில்டரைக் கழுவி, புது எண்ணெய் ஊத்துவார். தூக்குக் கரங்களை இறக்காமல் அடியில் கை வைக்கமாட்டார். கசிவைத் தேட அட்டைதான், விரல் கிடையாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலையே துளைத்துவிடும்.

பெர்குசனின் பெயர் காப்புரிமையில் இருக்கிறது. மாமாவின் சம்பளச் சீட்டில் 'டிரைவர்' என்று மட்டும்தான் இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புகளாக மாறிவரும்போது, இந்தக் கைவேலையைக் கேட்டு எழுதிவைப்பதும் வரலாற்று வேலைதான். சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது.