காயம் ஆறிடுச்சு... ஆனா வலி மட்டும் ஏன் போகல? நரம்பைச் சுற்றியிருக்கும் ‘சாட்டிலைட்’ செல்கள் செய்யும் வேலை!

கையில் வெட்டுப்பட்டு, தையல் பிரித்து பல மாதம் ஆகியிருக்கும். தழும்பு மட்டும்தான் மிச்சம். ஆனால் சட்டைத் துணி லேசாக உரசினாலே சுரீர்னு இழுக்கும், நெருப்பு பட்ட மாதிரி எரியும். எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் நார்மல். வீட்டில் இருப்பவர்களோ, “எல்லாம் உன் மனப்பிரமை” என்பார்கள்.

இந்த வலி கற்பனை இல்லை. அதற்கான காரணங்களில் ஒன்று, காயம்பட்ட இடத்தில் இல்லாமல் முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வலி நரம்பின் ‘தலைமையகம்’ எங்கே?

விரல் நுனியில் தொடங்கும் உணர்வு நரம்பு இழை, தண்டுவடம் வரை நீளமாகப் போகிறது. அந்த நரம்பு செல்லின் உடல் பகுதி இருப்பது தண்டுவடத்துக்கு வெளியே, பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன முடிச்சில். இதுபோன்ற முடிச்சுகள் முதுகெலும்பின் இரு பக்கமும் வரிசையாக உள்ளன. அம்மை வைரஸ் பல வருஷம் பதுங்கியிருந்து, பிறகு அக்கியாக வெளிவருவதும் இங்கிருந்துதான்.

முடிச்சுக்குள் இருக்கும் ஒவ்வொரு நரம்பு செல்லையும் சில குட்டி செல்கள் போர்வை மாதிரி சுற்றியிருக்கும். இவைதான் ‘சாட்டிலைட் கிளியா’ செல்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

சாதாரண நாளில் இவற்றின் வேலை என்ன?

நரம்பு சிக்னல் அனுப்பும்போது பொட்டாசியம் வெளியே வரும். அது தேங்கினால் நரம்பு தேவையில்லாமல் தூண்டப்படும். அதை உடனுக்குடன் உறிஞ்சி, நரம்பை அமைதியாக வைத்திருப்பது சாட்டிலைட் செல்களின் முக்கிய வேலை.

நரம்பு அடிபட்டால் என்ன நடக்கும்?

காயம் விரலில் என்றாலும் தகவல் முடிச்சு வரை போய்விடும். எலிகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்த மாற்றங்கள் இவை:

• சாட்டிலைட் செல்களில் ‘ஜி.எஃப்.ஏ.பி.’ என்ற புரதம் கூடுகிறது. செல்கள் உஷாராகிவிட்டன என்பதற்கான அடையாளம் இது.

• பொட்டாசியத்தை உறிஞ்சும் வாசல்கள் குறைகின்றன. அதனால் நரம்பு சின்னத் தொடுதலுக்கும் சிலிர்த்துக்கொள்கிறது.

• செல்களுக்கு நடுவே புதிய இணைப்புகள் உருவாகின்றன. ஒரு நரம்பு தூண்டப்பட்டால் பக்கத்து நரம்பும் சேர்ந்து கத்துகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதை உயிருள்ள எலிகளில் படம்பிடித்துக் காட்டினார்கள்.

• வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்களை இந்த செல்கள் வெளியிடுகின்றன. அவை நரம்பை உசுப்ப, நரம்பு திரும்ப இவற்றை உசுப்ப, ஒரு சுழற்சியே தொடங்கிவிடுகிறது.

தோல் ஆறிய பிறகும் இந்தச் சுழற்சி நிற்காவிட்டால்தான் வலி நாள்பட்டதாக மாறுகிறது.

அப்போ இவை வில்லனா?

அப்படிச் சொல்ல முடியாது. அறுந்த நரம்பு மீண்டும் வளரவும் இதே செல்கள் உதவுகின்றன. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட எலி ஆய்வில், சாட்டிலைட் செல்கள் கொழுப்பு அமிலம் தயாரிப்பதைத் தடுத்தபோது நரம்பு வளர்ச்சி குறைந்தது. ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனோஃபைப்ரேட் மருந்து, தண்டுவடத்துக்குள் நுழையும் நரம்பு வேரின் வளர்ச்சியைக் கூட்டியது. இது எலிகளில் கிடைத்த முடிவு என்பதால், யாரும் தாங்களாகவே இந்த மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது.

2021-ல் இன்னொரு முக்கியத் தகவல் வந்தது. உடம்பெல்லாம் வலிக்கும் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடிகளை எலிகளுக்குச் செலுத்தியபோது, எலிகளுக்கும் வலி உணர்வு கூடியது. அந்த ஆன்டிபாடிகள் போய் ஒட்டிக்கொண்டது சாட்டிலைட் செல்களில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

காயம் ஆறிய பிறகும் எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற வலி, லேசாகத் தொட்டாலே வலி இருந்தால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரைக்கு நரம்பு வலி பெரும்பாலும் அடங்காது. அதற்குத் தனி மருந்துகள் உண்டு. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், ‘சும்மா சொல்றாங்க’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.