கழிவிற் கண்ட காசு

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை மலைச்சாரலிற் கழிவைப் பிரித்தெடுக்கும் தொழில் புதிதன்று. இலங்கையின் கோப்பிச் செடிகளில் 1869-இல் இலைத்துரு நோய் கண்டது, தோட்டங்கள் அழிந்தன. பட்டுப்போன செடிகளின் அடிக்கட்டைகளுங்கூடக் கப்பலேறி, இங்கிலாந்தில் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின!

பின்வந்த தேயிலையும் கழிவைத் தந்தது. சலித்த தூளிடையே கிடந்த குச்சியையும் நாரையும் பெண்கள் வரிசையாக அமர்ந்து கையாற் பொறுக்கினர். கூரிய கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை அது. பொறுக்கியதும் தரையிற் கூட்டியதும் கழிவுத் தேயிலை எனப்பட்டன. அது நல்ல தூளிற் கலந்துவிடலாகாதென, 1957-ஆம் ஆண்டுத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் விதித்தது. விலையில்லாப் பொருளுக்கு யாரே காவல் வைப்பர்? எருவாகவும், கஃபீன் எடுக்கும் மூலப்பொருளாகவும் அது பயன்பட்டது. பிரித்த கைகளுக்கோ நாட்கூலி மட்டுமே. விற்ற பணம் தோட்டக் கணக்கிற் சேர்ந்தது.

ஆலைகளே கழிவானதும் உண்டு. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலை ஆலை 1996-இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது.

தொழிலாளர் தம் கையில் வைத்துக்கொண்ட கழிவு ஒன்றே: லயத்தருகே கட்டிய பசுவின் சாணம். அதனைக் குவித்து மட்கவைத்துச் சிறு பாத்திகளுக்கு இட்டனர். கரட்டும் லீக்ஸும் விளைந்தன. வீட்டுக்குப்போக மிஞ்சியது சந்தைக்குச் சென்றது. அந்தக் காசு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. பெண்களின் முந்தானையிலேயே முடிச்சாயிற்று.