மணற்கேணியின் ஆழம்: பெரியதாழைக் கடற்கரை நன்னீர் குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டிற்கும் உவரிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் பெரியதாழை. ‘உவரி’ என்னும் சொல்லே உவர்நீரையும் கடலையும் குறிப்பது. உவர்ப்பு சூழ்ந்த இந்நிலத்தில் குடிநீர் கிடைத்த முறையை, இலக்கியச் சான்றுகளையும் நீரின் பண்புகளையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்றுகள்

13ஆம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கம், திணைதோறும் உரிய நீரைக் கருப்பொருளாக வகுக்கிறது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும் கூறப்பட, நெய்தலுக்கு மணற்கிணறு கூறப்படுகிறது. திருக்குறளின் 396ஆம் குறளோ, தோண்டுமளவிற்கு ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்குகிறது. ஆற்று மணலுக்கு இவ்வுவமை இயல்பாகப் பொருந்தும். கடற்கரை மணலில் அதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து தோண்டினால் ஊறுவது உவர்நீரே.

நிலமும் கிணறுகளும்

இக்கடற்கரையை ஒட்டி உள்நாட்டில் பரந்திருப்பவை தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1883இல் வெளியிட்ட மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் ஆய்வில் இவற்றைப் பதிவுசெய்துள்ளார். மணற்பரல்களின் மேற்படிந்த இரும்பு ஆக்சைடு செந்நிறம் தருகிறது. வடகிழக்குப் பருவமழை நீர் இம்மணலில் எளிதில் இறங்கித் தங்குகிறது.

பெரியதாழைக்கு வடக்கே இரு சான்றுகள் உள. பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவர் தங்கியதாக மரபு கூறும் மணப்பாட்டுக் குகையில் நன்னீர்க் கிணறு உள்ளது. திருச்செந்தூரில் கடலாடிய அடியவர் நீராடும் நாழிக்கிணறும் கடலுக்கு மிக அருகிலேயே உள்ளது. இரண்டும் வழிபாட்டு மரபில் அருளின் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன.

நீரின் பண்பு

நீர் மூலக்கூறு முனைவுத்தன்மை உடையது. ஆதலின் உப்பை எளிதில் கரைத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. இதனால் கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1025 கிலோகிராம், நன்னீருக்கு 1000. இலேசான நன்னீர், மணலுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கிறது. மணற்பரல்களின் ஊடே நீர் மெல்லவே நகர்வதால் இரண்டும் விரைவில் கலப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாம் அருகே கிணறு தோண்டுவது குறித்து ஆராய்ந்த பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும், வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் இதனைக் கணக்கிட்டனர். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மறுதலையும் உண்மையே: மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், சமநிலை எய்தும்போது உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்துவிடும்.

முடிவுரை

நெய்தல் நிலத்து ஆழமற்ற மணற்கிணற்றைக் கருவிக்குறைவின் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. மேலே மிதக்கும் நன்னீரைச் சிறுகச்சிறுக முகந்து, கீழுள்ள உவர்நீரைக் கலக்காதிருக்கும் முறை அதுவே. கணக்கு பிறக்கும் முன்பே கைப்பழக்கம் அந்த எல்லையைக் காத்தது. ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் ஆழத்தை எளிதாக்கியுள்ள இன்று, அவ்வெல்லையை மீறுவதும் எளிதாகியுள்ளது. ஒருமுறை உவர்ப்பேறிய மணல் மீண்டும் இனிக்கப் பல பருவமழைகள் வேண்டும். ஆகவே, கடற்கரை ஊர்களின் பழங்கிணறுகளது ஆழத்தையும் நீர்ச்சுவையையும் பதிவுசெய்தல் இலக்கிய ஆய்வுக்கும் நீர்க் காப்புக்கும் ஒருங்கே தேவையான பணியாகும்.